பாரி ஹீட்லி: இரு நாடுகளின் ரக்பி முன்னோடி

தென்னாப்பிரிக்க ரக்பி அணி பெற்ற முதல் இரண்டு டெஸ்ட் வெற்றிகளுக்கும் கேப்டனாக இருந்தவர் பாரி ஹீட்லி. அந்த அணி இன்றுவரை அணியும் பச்சை நிற ஜெர்சியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அதே ஹீட்லி 1910-ஆம் ஆண்டில், தம் 38-ஆவது வயதில், அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில் அர்ஜென்டினாவின் முதல் சர்வதேசப் போட்டியில் ஆடினார். ரக்பியின் இரண்டு பெரிய அணிகளுடைய தொடக்க ஏடுகளில் ஒரே மனிதரின் பெயர் இப்படி இடம்பெற்றிருக்கிறது. நாட்டணி என்பதற்கு இன்றுள்ள கறாரான இலக்கணம் உருவாகாத காலம் அது. எந்த ஊரில் வாழ்கிறாரோ அந்த ஊருக்காக ஒருவர் ஆடலாம் என்பதே அன்றைய வழக்கம். அந்த வழக்கத்தை ஹீட்லியின் வாழ்க்கையைப் போலத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கைகள் குறைவு.

ரக்பி யூனியன் ஆட்டத்தில் ஒவ்வோர் அணியிலும் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் அது 'டிரை'. டிரை போட்ட பின் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்தை உதைத்து அனுப்பினால் 'கன்வெர்ஷன்' என்ற கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். இன்று ஒரு டிரைக்கு 5 புள்ளிகள். 1890-களின் நடுப்பகுதியில் 3. கன்வெர்ஷனுக்கு அன்றும் இன்றும் 2. இரு அணிகளின் முன்வரிசை ஆட்டக்காரர்களும் தோளோடு தோள் கோத்து, குனிந்து, ஒருவரை ஒருவர் தள்ளிப் பந்தைக் கைப்பற்றும் கட்டம் 'ஸ்க்ரம்'. ஹீட்லி இந்த முன்வரிசையில் ஆடியவர்.

கேப் காலனியில் தொடக்கம்

ஹீட்லி 1872 ஏப்ரல் 25 அன்று, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கேப் காலனியின் வோர்ஸ்டர் பகுதியில் பிறந்தார். கேப் டவுனை அடுத்த ரோண்டபாஷில் உள்ள டயோசிசன் கல்லூரியில் படித்தார். 'பிஷப்ஸ்' என்று பரவலாக அழைக்கப்படும் இந்தப் பள்ளிக்கும் தென்னாப்பிரிக்கக் கால்பந்து வகை ஆட்டங்களுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. 1861-இல் இதன் தலைமையாசிரியராக வந்த பாதிரியார் ஜார்ஜ் ஓகில்வி, இங்கிலாந்தின் வின்செஸ்டர் பள்ளியில் ஆடப்பட்ட ஒரு வகைப் பந்தாட்டத்தை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கேப் டவுன்காரர்கள் அந்த விதிகளைக் கைவிட்டு முறையான ரக்பிக்கு மாறியது 1870-களின் இறுதியில்தான். ஹாமில்டன்ஸ், வில்லேஜர்ஸ் ஆகிய கழகங்கள் அந்தப் பத்தாண்டில் தோன்றியவை. 1883-இல் வெஸ்டர்ன் பிராவின்ஸ் ரக்பி சங்கம் அமைந்தது. நாடு முழுவதற்குமான தென்னாப்பிரிக்க ரக்பி வாரியம் 1889-இல் வைர நகரமான கிம்பர்லியில் உருவானது. ஹீட்லி பள்ளிப் பருவத்தைக் கடந்து இளைஞரானபோது அந்த வாரியத்துக்கு வயது ஓரிரண்டுதான்.

ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் கொண்டவர் ஹீட்லி. நண்பர்கள் வேடிக்கையாக அவருக்குச் சூட்டிய 'ஃபேரி' (குட்டித் தேவதை) என்ற பட்டப்பெயரே ரக்பி நூல்களிலும் நிலைத்துவிட்டது. பள்ளியின் பழைய மாணவர்கள் நடத்திய ஓல்ட் டயோசிசன்ஸ் கழகத்திலும் வெஸ்டர்ன் பிராவின்ஸ் அணியிலும் அவர் ஆடினார். ஸ்க்ரம்மில் அவருடைய பலம் பேசப்பட்டது. கனத்த முன்வரிசை ஆட்டக்காரராக இருந்தும் கம்பங்களை நோக்கிப் பந்தை உதைக்கும் பொறுப்பையும் அவர் ஏற்றார்.

1891: ஒரே ஒரு புள்ளி

1891-இல் முதன்முறையாக ஒரு பிரிட்டிஷ் அணி தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் பில் மக்லாகன் அதன் கேப்டன். பயணத்தில் நட்டம் ஏற்பட்டால் ஈடுகட்டுவதாக அப்போதைய கேப் காலனிப் பிரதமர் செசில் ரோட்ஸ் உறுதியளித்திருந்தார். கப்பல் நிறுவன அதிபர் டொனால்ட் கரி ஒரு தங்கக் கோப்பையைக் கொடுத்து, தங்களை எதிர்த்து நன்றாக ஆடும் உள்ளூர் அணிக்கு அதை வழங்கும்படி விருந்தினர்களைக் கேட்டுக்கொண்டார். கிரிக்வாலாண்ட் வெஸ்ட் அணிக்குக் கிடைத்த அந்தக் கோப்பைதான் பின்னர் தென்னாப்பிரிக்க உள்நாட்டுப் போட்டித் தொடரான கரி கோப்பையாக மாறியது.

ஆட்டக் களத்தில் வந்தவர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் இடையே இருந்த தூரம் மிகப் பெரியது. பிரிட்டிஷ் அணி எல்லா ஆட்டங்களிலும் வென்றது. எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து அந்த அணிக்கு எதிராக எடுத்தது ஒரே ஒரு புள்ளி. மூன்று டெஸ்ட் போட்டிகளில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 19 வயது ஹீட்லி ஆடினார். கிம்பர்லியில் நடந்த இரண்டாவது டெஸ்டில் 0-3, கேப் டவுனின் நியூலண்ட்ஸில் நடந்த மூன்றாவதில் 0-4 எனத் தென்னாப்பிரிக்கா தோற்றது.

இந்தத் தொடர் அன்றைய டெஸ்ட் அணிகளின் தன்மையையும் காட்டுகிறது. மூன்று போட்டிகளுக்கும் மூன்று வெவ்வேறு கேப்டன்கள். முதல் டெஸ்டில் தென்னாப்பிரிக்காவுக்குத் தலைமை தாங்கிய ஹெர்பர்ட் கேஸ்டன்ஸ், மூன்றாவது டெஸ்டில் நடுவராக நின்றார். போட்டி எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர்க்காரர்களுக்கே அணித் தேர்விலும் தலைமையிலும் முன்னுரிமை. நெடுந்தொலைவுப் பயணமும் செலவும் இதற்குக் காரணம். நிரந்தரமான அணியோ கேப்டனோ ஜெர்சியோ அப்போது இல்லை.

இந்த அணிகள் வெள்ளையர்களுக்கு மட்டுமே உரியவை என்பதும் குறிப்பிடத்தக்கது. கேப் பகுதியில் கறுப்பின, கலப்பின மக்களும் அதே காலத்தில் ரக்பி ஆடினார்கள். 1886-இலேயே அவர்களுக்கெனத் தனிச் சங்கம் கேப் டவுனில் அமைந்திருந்தது. எனினும் டெஸ்ட் அணியின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. அது திறக்க இன்னும் பல தலைமுறைகள் ஆயின.

1896: முதல் வெற்றியும் பச்சை ஜெர்சியும்

ஐந்து ஆண்டுகள் கழித்து ஜானி ஹாமண்ட் தலைமையில் இரண்டாவது பிரிட்டிஷ் அணி வந்தது. இம்முறை நான்கு டெஸ்ட் போட்டிகள். போர்ட் எலிசபெத்தில் நடந்த முதல் டெஸ்டில் ஹீட்லி ஆடினார். தென்னாப்பிரிக்கா 0-8 எனத் தோற்றது. அடுத்த இரண்டு டெஸ்டுகளிலும் தோல்விதான். தொடர் கைநழுவிய நிலையில், செப்டம்பர் 5 அன்று நியூலண்ட்ஸில் நான்காவது டெஸ்ட் நடந்தது. கேப் டவுன் போட்டி என்பதால் கேப் டவுன்காரரான ஹீட்லி கேப்டனானார்.

அணிக்கு ஜெர்சியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் கேப்டனுடையதே. ஹீட்லி தம் கழகமான ஓல்ட் டயோசிசன்ஸின் அடர்பச்சை ஜெர்சிகளைத் தேர்ந்தெடுத்தார். கைவசம் இருந்த உடையைப் பயன்படுத்திக்கொள்ளும் எளிய ஏற்பாடு அது. ஆட்டத்தில் ஆல்ஃப் லராட் ஒரு டிரை போட, டாமி ஹெப்பர்ன் அதற்கான கன்வெர்ஷனை உதைத்தார். 5-0 என்ற கணக்கில் தென்னாப்பிரிக்கா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. 21 ஆட்டங்கள் கொண்ட அந்தப் பயணத்தில் பிரிட்டிஷ் அணி கண்ட ஒரே தோல்வி இதுதான். 1891-இல் ஒரு புள்ளிக்கே தவித்த ஊர், ஐந்தே ஆண்டுகளில் விருந்தாளிகளை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் வென்றது.

1903: தொடரும் கையில்

பிரிட்டனுக்கும், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுக்கும் இடையே 1899-இல் மூண்ட போர் 1902 வரை நீடித்தது. போர் ஓய்ந்த மறு ஆண்டே, மார்க் மாரிசன் தலைமையில் மூன்றாவது பிரிட்டிஷ் அணி வந்தது. ஹீட்லிக்கு அப்போது 31 வயது. 1891 தொடரில் ஆடியவர் 12 ஆண்டுகள் கழித்தும் களத்தில் நின்றார்.

ஜோஹானஸ்பர்கில் நடந்த முதல் டெஸ்ட் 10-10 எனச் சமனில் முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் இரண்டு டிரைகளையும் கன்வெர்ஷனாக மாற்றியவர் ஹீட்லி. அந்த டிரைகளில் ஒன்றைப் போட்ட ஜிம்மி சின்கிளேர், தென்னாப்பிரிக்காவுக்காகக் கிரிக்கெட்டில் முதல் டெஸ்ட் சதம் அடித்தவர். கிம்பர்லியில் நடந்த இரண்டாவது டெஸ்ட் 0-0. எனவே செப்டம்பர் 12 அன்று நியூலண்ட்ஸில் நடந்த மூன்றாவது டெஸ்டே தொடரைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. மீண்டும் கேப் டவுன், மீண்டும் கேப்டன் ஹீட்லி, மீண்டும் பச்சை ஜெர்சி. ஜோ பாரியும் ஆலன் ரீடும் டிரை போட்டனர். ஒன்றை ஹீட்லி கன்வெர்ஷனாக மாற்றினார். 8-0 என வென்று தென்னாப்பிரிக்கா முதன்முறையாக ஒரு டெஸ்ட் தொடரைக் கைப்பற்றியது.

ஹீட்லியின் தென்னாப்பிரிக்க டெஸ்ட் கணக்கு இத்துடன் முடிகிறது. மூன்று தொடர்களில் ஆறு டெஸ்டுகள். கேப்டனாக இரண்டு, இரண்டிலும் வெற்றி. மூன்று கன்வெர்ஷன்கள் மூலம் 6 புள்ளிகள்.

அவர் தேர்ந்தெடுத்த நிறம் மட்டும் தொடர்ந்தது. 1906-இல் பால் ரூஸ் தலைமையில் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளுக்கு முதல் முறையாகப் புறப்பட்ட தென்னாப்பிரிக்க அணி பச்சை ஜெர்சியையே அணிந்தது. துள்ளும் மான் சின்னத்தோடு 'ஸ்பிரிங்பாக்ஸ்' என்ற பெயரும் அந்தப் பயணத்தில் அணியோடு ஒட்டிக்கொண்டது. பின்னாளில், வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்த அந்தப் பச்சை ஜெர்சி, நிறவெறி ஆட்சியின் அடையாளமாகக் கறுப்பின மக்களால் வெறுக்கப்பட்டது. 1995 ஜூன் 24 அன்று உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அதே ஜெர்சியை அணிந்து நெல்சன் மண்டேலா மைதானத்துக்கு வந்தது உலகச் செய்தியானது, நூறு ஆண்டுகளாக அந்த நிறத்தில் ஏறியிருந்த இந்தப் பொருளால்தான்.

அர்ஜென்டினாவுக்கு

1905 வாக்கில் ஹீட்லி தென்னாப்பிரிக்காவை விட்டு அர்ஜென்டினாவில் குடியேறினார். இந்தப் பாதை அன்று அவ்வளவு அரிதானது அல்ல. போரில் தோற்ற போயர் குடும்பங்கள் பலவும் 1902 முதல் அர்ஜென்டினாவின் தெற்கே சுபுட் பகுதிக்குச் சென்று நிலம் பெற்றுக் குடியேறின. தலைநகர் புவெனஸ் அயர்ஸிலோ பிரிட்டிஷ் முதலீடும் பிரிட்டிஷ் மக்களும் நிறைந்திருந்தனர். ரயில் பாதைகள், வங்கிகள், இறைச்சி ஏற்றுமதி எனப் பல துறைகள் அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் சென்ற இடமெல்லாம் கழகங்களும் விளையாட்டுகளும் உடன் சென்றன. பிரிட்டிஷ் பேரரசின் ஆளுகைக்கு வெளியே, ஸ்பானிய மொழி பேசும் ஒரு நாட்டில் ரக்பி வேரூன்றியது இவ்வாறுதான்.

புவெனஸ் அயர்ஸில் 1870-களிலேயே ரக்பி ஆடப்பட்டது. 1899 ஏப்ரல் 10 அன்று பெல்கிரானோ, புவெனஸ் அயர்ஸ் எஃப்.சி., லோமாஸ், ஃப்ளோரஸ், ரொசாரியோ ஆகிய ஐந்து கழகங்கள் சேர்ந்து ரிவர் பிளேட் ரக்பி சங்கத்தை உருவாக்கின. அந்த ஆண்டே நடந்த முதல் சாம்பியன் போட்டியில் லோமாஸ் வென்றது. தொடக்கத்தில் இந்தக் கழகங்களில் ஆடியவர்கள் பெரும்பாலும் பிரிட்டனில் பிறந்தவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். நூற்றாண்டு திரும்பியபின் உள்ளூர் மாணவர்களும் ரக்பிக்கு வரத் தொடங்கினர். 1904-இல் புவெனஸ் அயர்ஸ் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தங்களுக்கென ஓர் அணி அமைத்தது இந்த மாற்றத்தின் முதல் அடையாளங்களில் ஒன்று.

ஹீட்லி சேர்ந்தது ஹிம்னாசியா இ எஸ்கிரிமா கழகத்தில். 1880-இல் தொடங்கப்பட்ட இது, பிரிட்டிஷ் குடியேறிகளின் கிரிக்கெட் கழகங்களைப் போன்றது அல்ல. உடற்பயிற்சிக்கும் வாள்வீச்சுக்கும் அர்ஜென்டினர்கள் அமைத்த கழகம். டெஸ்ட் தொடரை வென்ற கேப்டன் ஒருவர் அத்தகைய கழகத்தில் ஆடியது, அப்போது தவழ்ந்துகொண்டிருந்த உள்ளூர் ரக்பிக்குப் பெரிய வரவு. சாம்பியன் பட்டத்தை ஆங்கிலக் கழகங்களே மாறி மாறிப் பெற்றுவந்த நிலையை 1911-இலும் 1912-இலும் ஹிம்னாசியா மாற்றியது. 1910-களின் பிற்பகுதியிலிருந்து சான் இசித்ரோ கழகம் பட்டங்களைக் குவிக்கத் தொடங்கியபின், அர்ஜென்டின ரக்பி வந்தேறிகளின் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து உள்ளூர் ஆட்டமாகிவிட்டது.

1910: அர்ஜென்டினாவின் முதல் போட்டி

1810 மே மாதத்தில் புவெனஸ் அயர்ஸில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த புரட்சியின் நூற்றாண்டை 1910-இல் அர்ஜென்டினா பெரும் விழாவாகக் கொண்டாடியது. அதையொட்டி ஒரு பிரிட்டிஷ் ரக்பி அணி அழைக்கப்பட்டது. அதே ஆண்டு பிரிட்டனின் அதிகாரபூர்வமான அணி டாம் ஸ்மித் தலைமையில் தென்னாப்பிரிக்காவுக்குப் போயிருந்தது. அர்ஜென்டினாவுக்கு வந்தது இரண்டாவதாகத் திரட்டப்பட்ட அணி. பெரும்பாலும் ஆங்கிலேயர்களும் மூன்று ஸ்காட்லாந்துக்காரர்களும் அதில் இருந்தனர். இங்கிலாந்துக்காக ரக்பியும் சர்ரே மாகாணத்துக்காகக் கிரிக்கெட்டும் ஆடிய ஜான் ரஃபேல் அதன் கேப்டன். பின்னர் முதல் உலகப் போரில், 1917-இல், அவர் உயிரிழந்தார்.

ஜூன் 12 அன்று புவெனஸ் அயர்ஸில் அர்ஜென்டினா தன் முதல் சர்வதேசப் போட்டியை ஆடியது. ஆஸ்வால்ட் கெபி கேப்டன். அணியில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை ஆங்கிலப் பெயர்கள். அந்தப் பதினைவரில் டெஸ்ட் வெற்றி எப்படி இருக்கும் என்று அனுபவித்து அறிந்தவர் ஹீட்லி. ஆனால் ஒருவருடைய அனுபவம் போதவில்லை. பிரிட்டிஷ் அணி 28-3 என வென்றது. தான் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் வென்று அந்த அணி நாடு திரும்பியது.

மதிப்பெண் பலகை மட்டுமே அந்தப் போட்டியின் அளவுகோல் அல்ல. தென் அமெரிக்கக் கண்டத்தின் ரக்பி, வெளியுலக அணி ஒன்றோடு தன்னை முதன்முறையாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டது அன்றுதான். 1891-இல் தென்னாப்பிரிக்கா இருந்த இடத்தில் 1910-இல் அர்ஜென்டினா இருந்தது. இரண்டு நாடுகளின் அந்தத் தொடக்கத் தோல்விகளிலும் ஹீட்லி களத்தில் இருந்தார்.

அடுத்த பிரிட்டிஷ் அணி அர்ஜென்டினாவுக்கு வர 17 ஆண்டுகள் ஆயின. 1927-இல் நடந்த அந்தத் தொடரில்தான் அர்ஜென்டின அணி வெளிர்நீலமும் வெள்ளையுமான பட்டைகள் கொண்ட ஜெர்சியை அணியத் தொடங்கியது. அந்த யோசனையைச் சொன்ன அபெலார்டோ குட்டியெரெஸ், ஹீட்லி ஆடிய ஹிம்னாசியா கழகத்தைச் சேர்ந்தவர்.

நாடு மாறி ஆடுதல்

ஹீட்லியின் இரட்டைக் கணக்கு அவர் காலத்தில் யாருக்கும் விதிமீறலாகத் தெரியவில்லை. 1903 முதல் டெஸ்டில் தென்னாப்பிரிக்காவின் கேப்டனாக இருந்த அலெக்ஸ் ஃப்ரூ, 1901-இல் ஸ்காட்லாந்துக்காக ஆடியவர். அப்போது அவருக்குக் கேப்டனாக இருந்த மாரிசனே இப்போது எதிரணிக் கேப்டன். மருத்துவரான ஃப்ரூ தொழில் நிமித்தம் ஊர் மாறினார், அணியும் மாறியது. சம்பளம் இல்லாத ஆட்டம், எப்போதோ ஒருமுறை வரும் வெளிநாட்டு அணி, உள்ளூர்ச் சங்கங்களே நடத்தும் தேர்வு என்றிருந்த சூழலில் இதைத் தடுக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

இன்றைய விதி வேறு. 2022 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி, ஒரு நாட்டுக்காக ஆடியவர் மூன்று ஆண்டுகள் சர்வதேசப் போட்டிகளில் ஆடாமல் இருந்தபின் ஒருமுறை மட்டும் நாடு மாறலாம். அதற்கும் அவரோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ புதிய நாட்டில் பிறந்திருக்க வேண்டும். குடியேறியதை மட்டும் காரணமாகக் காட்டி மாற முடியாது. அந்தக் காரணத்தால் மட்டுமே அர்ஜென்டின அணிக்கு வந்தவர் ஹீட்லி.

பிற்காலமும் இடமும்

ஹீட்லி பின்னாளில் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பி, 1951 ஆகஸ்ட் மாதம், 79-ஆம் வயதில் மறைந்தார். அதற்குப் பிறகு இரு நாடுகளின் ரக்பி உறவு இன்னும் நெருக்கமானது. 1965-இல் அர்ஜென்டின அணி தென்னாப்பிரிக்காவுக்குப் பயணம் செய்தபோது, அந்நாட்டுப் பயிற்சியாளர் ஐசக் வான் ஹீர்டன் அவர்களுக்கு வழிகாட்டினார். ஜோஹானஸ்பர்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் ஜூனியர் ஸ்பிரிங்பாக்ஸை 11-6 என வென்ற அந்த அணிக்கு 'பூமாஸ்' என்ற பெயர் கிடைத்ததும் அதே பயணத்தில்தான். சட்டையில் இருந்த ஜாகுவார் சின்னத்தைத் தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் பூமா என்று எடுத்துக்கொண்டதால் வந்த பெயர் அது. இரு நாடுகளுக்கும் இடையிலான முதல் டெஸ்ட் 1993-இல் நடந்தது. 2015-இல் டர்பனில் 37-25 என வென்று அர்ஜென்டினா முதன்முறையாகத் தென்னாப்பிரிக்காவைத் தோற்கடித்தது.

சர்வதேச ரக்பி வாரியம் 2009-இல் ஹீட்லியைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. அவர் தேர்ந்தெடுத்த பச்சை ஜெர்சியும், அவர் ஆடிய கழகத்தில் யோசனை பிறந்த நீல வெள்ளைப் பட்டை ஜெர்சியும் 2012 முதல் ரக்பி சாம்பியன்ஷிப் தொடரில் மோதி வருகின்றன.